ஹேண்டி வாங்கும் முன் நல்ல கேபிள் வாங்குங்கள்

வாக்கி டாக்கி வாங்க நினைக்கிற யாரும் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை கிலோமீட்டர் எடுக்கும்?" என்றுதான். சென்னை ரிச்சி தெருக் கடைக்காரர்களுக்கு இந்தக் கேள்வி அத்துப்படி. "பில்டிங் நடுவுல ரெண்டு மூணு, ஓப்பன்ல பத்து சார்" என்று கால்குலேட்டரில் பில் போட்டுக்கொண்டே சொல்வார்கள். அது முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தூரம் செட்டின் கையில் இல்லை, நீங்கள் நிற்கிற இடத்தின் கையில் இருக்கிறது.

இந்தச் செட்டுகள் பேசுகிற அலைகள் கிட்டத்தட்ட நேர்கோட்டில்தான் போகும். ஆன்டெனா தரையிலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறதோ, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் ரேடியோவுக்கான தொடுவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். முகத்துக்கு நேராகப் பிடித்தால் ஒன்றரை மீட்டர் உயரம். தொடுவானம் 5 கி.மீ. எதிரே பேசுபவரும் அப்படியே நின்றால் இரண்டும் சேர்த்து 10. கடைக்காரர் சொன்ன "ஓப்பன்ல பத்து" இதுதான், நடுவில் ஒரு வீடு, ஒரு புளியமரம்கூட இல்லாமல் இருந்தால். அதே செட்டை ஏற்காட்டுக்கு எடுத்துப் போய், சேலத்தைப் பார்த்த மலை விளிம்பில் நின்றுகொள்ளுங்கள். சமவெளியிலிருந்து ஆயிரம் மீட்டர் மேலே இருந்தால் கணக்கு 130 கி.மீ. என்று வரும். சக்தி அதே 4, 5 வாட்தான். ஹாம்கள், அதாவது உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுகிறவர்கள், தங்கள் ரிப்பீட்டர்களை (கேட்ட பேச்சை அப்படியே திருப்பி அனுப்பும் நிலையங்கள்) மலை உச்சிகளில் வைக்கிறதும் இதனால்தான்.

வாட் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "8 வாட் மாடல்" என்று கூடுதல் விலைக்கு விற்பார்கள். 5 வாட்டுக்கும் 8 வாட்டுக்கும் வித்தியாசம் 2 டெசிபெல். கேட்பவரின் செட்டில் சிக்னல் மீட்டர் ஒரு எஸ் அளவு ஏற 6 டெசிபெல் வேண்டும். ஆக, அந்தக் கூடுதல் காசில் மீட்டர் முள் அசைந்த மாதிரியே தெரியாது, பேட்டரி மட்டும் சீக்கிரம் தீரும்.

ஹாம்கள் கையில் பிடித்துப் பேசும் செட்டை ஹேண்டி என்போம். ஒரு காலத்தில் ஹேண்டி என்றால் ஐகாம், கென்வுட் மாதிரி ஜப்பானியக் கம்பெனிகள்தான். கல்லூரி மாணவன் ஒருவன் நினைத்தவுடன் வாங்கக்கூடிய விலை இல்லை. 2012-இல் சீனாவின் ஃபுஜியன் மாகாணத்திலிருந்து பாவ்ஃபெங் யுவி-5ஆர் வந்தது. இரண்டு அலைவரிசைப் பட்டைகள், 128 மெமரி, எஃப்எம் ரேடியோ, ஒரு டார்ச். விலை சுமார் இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய். எப்படி முடிந்தது என்றால், பழைய செட்டுகளில் தனித்தனியாக உட்கார்ந்திருந்த பாகங்களில் பெரும்பாலானவற்றை ஆர்டிஏ1846 என்ற ஒரே சில்லுக்குள் அடக்கிவிட்டார்கள்.

அந்த விலைக்குள் வராத பொருள்கள் எவை என்பதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். முதலாவது, வடிகட்டி. உள்ளே வரும் சிக்னலைச் சலித்தெடுக்கும் நல்ல ஃபில்டர்கள் இல்லாததால், பஸ் ஸ்டாண்டு, டவர்கள் நிறைந்த இடம் என்று போனால் செட் திணறும். பேஜர் சத்தம் போலவும் கொரகொரவென்றும் என்னென்னவோ கேட்கும். வெளியே போகும் சிக்னலிலும் அதே குறை உண்டு. நீங்கள் 145 மெகாஹெர்ட்ஸில் பேசினால், அதன் இரட்டிப்பான 290-லும் கொஞ்சம் கசியும். அமெரிக்க ஹாம் சங்கமான ஏஆர்ஆர்எல் தன் சோதனைக்கூடத்தில் சோதித்ததில், இந்த வகைச் செட்டுகளில் பல இந்தக் கசிவுக்கான வரம்பைத் தாண்டியிருந்தன. எல்லாச் செட்டும் அப்படி இல்லை. ஒரே மாடலில் ஒன்று சுத்தமாக இருக்கும், இன்னொன்று இருக்காது. மலிவு என்பதன் அர்த்தம் பாதி இதுதான்.

விலையில் வராத இரண்டாவது பொருள், "இங்கே பேசாதே" என்று தடுக்கும் வேலி. யுவி-5ஆர் 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரையிலும், அப்புறம் 400-க்கு மேல் ஒரு பெரிய பரப்பிலும் பேசும். இந்தியாவில் ஹாம்களுக்கு அந்தப் பரப்பில் இருப்பது 144–146, 434–438, அவ்வளவே. மிச்சத்தில் போலீஸ், துறைமுகம், தொழிற்சாலை, கப்பல் எல்லாம் இருக்கிறது. கடலில் ஆபத்து என்றால் படகுகள் கூப்பிடும் 16-ஆம் சேனல், 156.800, இந்தச் செட்டில் நான்கைந்து பட்டன் தட்டினால் வந்துவிடும். பேசு பட்டனை அழுத்தினால் செட் தாராளமாகப் பேசும்.

அதனால் உரிமம் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரையைத் தாண்ட முடியாது. வயர்லெஸ் கருவியை வைத்திருப்பதற்கே உரிமம் வேண்டும் என்பது 1933-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வருகிற விதி. 2023-இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்தும் அடிப்படை மாறவில்லை. 2025-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், எந்த அலைவரிசை, உரிமம் வேண்டுமா என்று எதுவும் சொல்லாமல் இவற்றை விற்ற இணையக் கடைகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. ஹாம் தேர்வு ஒன்றும் மலையேற்றம் இல்லை. 12 வயதானால் எழுதலாம். கொஞ்சம் மின்னணுவியல், கொஞ்சம் விதிமுறை. ரெஸ்ட்ரிக்டட் கிரேடு தேறினால் கால் சைன், அதாவது ரேடியோவில் உங்கள் அடையாளப் பெயர், வியு3 என்று தொடங்கும்; ஜெனரல் என்றால் வியு2, அதற்கு நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் மோர்ஸும் தெரிய வேண்டும். போலீஸ் சரிபார்ப்பெல்லாம் முடிந்து கால் சைன் வர மாதக்கணக்கில் ஆகும், அதற்குத்தான் பொறுமை வேண்டும்.

"எனக்கு ஹாம் எல்லாம் வேண்டாம், தோப்புக்கும் வீட்டுக்கும் பேசினால் போதும்" என்கிறவர்களுக்கு 446.0–446.2 மெகாஹெர்ட்ஸ் இருக்கிறது. உரிமம் தேவையில்லை. ஆனால் அதற்கென்றே குறைந்த சக்தியில் செய்து, ஈடிஏ என்ற வகை ஒப்புதல் பெற்ற செட்டாக வாங்க வேண்டும். யுவி-5ஆரில் 446-ஐ அடித்து 4 வாட்டில் பேசுவது அந்த விலக்குக்குள் வராது.

இதைக் கண்டுகொள்ளாமல் வாங்கினால் என்ன நடக்கும் என்று ஒரு முகூர்த்த நாளில் பார்த்தேன். கல்யாண மண்டபங்களில் கேட்டரிங் ஆட்களின் இடுப்பில் தொங்கும் பாவ்ஃபெங் பிஎஃப்-888எஸ்ஸைக் கவனித்திருப்பீர்கள். திரை கிடையாது, மேலே 16 எண்கள் போட்ட ஒரு திருகு மட்டும். தொழிற்சாலையில் ஏற்றிய அதே 16 சேனல்கள்தான் எல்லாப் பெட்டியிலும். அன்றைக்கு ரோட்டின் இரு பக்கமும் மண்டபம், இரண்டிலும் கல்யாணம், இரண்டு கேட்டரிங்காரர்களும் முதல் சேனலில். "மாப்ள, மூணாவது வரிசைக்கு ரசம் வரல" என்று ஒரு குரல். எங்கள் மண்டபத்துப் பையன் ரச வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினான். மூன்றாவது வரிசையில் பாயசம் ஓடிக்கொண்டிருந்தது. தப்பாக வந்தது ரசத்தோடு போனது. அதே அலைவரிசை அந்த ஊரில் ஒரு ஆஸ்பத்திரிக்கோ ஆலைக்கோ முறையாக ஒதுக்கப்பட்டிருந்தால், அங்கே யாரோ ரசத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

சரி, உரிமம் வந்துவிட்டது, வாங்கலாம் என்றால் எதை? ஒரே மின்சுற்றுப் பலகைக்கு ஐந்தாறு விதமான உறையும் பெயரும் போட்டு விற்கிறார்கள், அதில் மண்டையைக் குடைய வேண்டாம். யுவி-5ஆர் வாங்கினால் உதிரி பேட்டரி, சார்ஜர், மைக் எல்லாம் எங்கேயும் கிடைக்கும். 2023-இல் வந்த குவான்ஷெங் யுவி-கே5 அதைவிட நல்ல செட் என்பது என் அபிப்பிராயம். யுஎஸ்பி-சி ஒயரிலேயே சார்ஜ் ஆகும். உள்ளே இருக்கும் ஃபர்ம்வேர் என்ற மென்பொருளை ஆர்வலர்கள் பிரித்து மேய்ந்து, எந்தெந்த அலைவரிசையில் சிக்னல் இருக்கிறது என்று ஸ்பெக்ட்ரம் காட்டுவதுவரை புதிதாக எழுதி இலவசமாக வைத்திருக்கிறார்கள். பேசு பட்டனை அழுத்திப் பிடித்தபடி செட்டை ஆன் செய்தால் திரை எழும்பாது, டார்ச் மட்டும் எரியும். புது ஃபர்ம்வேரை ஏற்றத் தயார் என்று அர்த்தம். முதல் முறை அதைப் பார்ப்பவர்கள் செட் செத்துவிட்டது என்று பதறுவது சகஜம்.

எதை வாங்கினாலும் செட்டோடு தருகிற குட்டை ரப்பர் ஆன்டெனாவைக் கழற்றி வைத்துவிடுங்கள். நாகோயா என்று பெயர் அச்சிட்ட நீள ஆன்டெனாவில் போலி ஏராளம், பார்த்து வாங்க வேண்டும். காசே செலவில்லாத வழி ஒன்று உண்டு. 49 செ.மீ. நீளத்துக்கு ஒரு சாதாரண ஒயர் வெட்டி, ஒரு முனையைச் சீவி, ஆன்டெனா திருகும் இடத்தில் உள்ள வெளி உலோக வளையத்தைச் சுற்றி முறுக்கி, மீதியைக் கீழே தொங்கவிடுங்கள். 144–146 மெகாஹெர்ட்ஸில் அலையின் நீளம் சுமார் 2 மீட்டர், இந்த ஒயர் அதில் கால்வாசி. ஆன்டெனாவுக்குத் தேவையான மறுபாதியை இதுவரை உங்கள் கையும் உடம்பும் அரைகுறையாகக் கொடுத்துக்கொண்டிருந்தன, இப்போது அந்த ஒயர் கொடுக்கும். ஒயர் நடுக்கம்பியைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இனி தலைப்புக்கு வருகிறேன். செட்டைக் கணினியோடு இணைத்துச் சேனல்களை ஏற்ற உதவும் ப்ரோக்ராமிங் கேபிள், கென்வுட் பாணி இரட்டை முள் கொண்டது, ஒன்று தடிமன், ஒன்று மெலிது. பார்க்க எல்லாம் ஒன்று போலவே இருக்கும். வித்தியாசம் யுஎஸ்பி முனையின் பிளாஸ்டிக்குக்குள் இருக்கும் சில்லில். மலிவு கேபிள்களில் ப்ரோலிஃபிக் கம்பெனியின் பிஎல்2303 சில்லின் நகல்தான் பெரும்பாலும் இருக்கும். அந்தக் கம்பெனி தன் விண்டோஸ் டிரைவரை நகல்களைக் கண்டுபிடித்து மறுக்கும்படி எழுதியிருக்கிறது. கேபிளைச் செருகினால் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் வந்து நிற்கும். சில சமயம் "இது 2012-லேயே நிறுத்தப்பட்ட வகை, விற்றவரைக் கேளுங்கள்" என்று போர்ட்டின் பெயரிலேயே எழுதி வரும். விற்றவரைக் கேட்டேன். "உங்க லேப்டாப்ல வைரஸ் இருக்கும் சார்" என்றார்.

தீர்வு இரண்டு. பழைய டிரைவரைத் தேடிப் போட்டு, விண்டோஸ் அதை மறுபடி புதுப்பிக்காமல் பூட்டி வைப்பது ஒன்று. லினக்ஸில் செருகுவது இன்னொன்று. அங்கே இந்தச் சண்டையே கிடையாது, பயனர் பெயரை டயல்அவுட் குழுவில் சேர்த்துவிட்டால் போதும். இரண்டும் ஒத்துவராது என்றால் எஃப்டிடிஐ கம்பெனியின் அசல் சில்லுள்ள கேபிளாக வாங்குங்கள். விலை கூடத்தான், சில இடங்களில் செட்டின் விலையில் கணிசமான பங்கு வரும். ஆனால் செட் மாறினாலும் அந்தக் கேபிள் கூடவே வரும். மூவாயிரத்துக்குச் செட்டை வாங்கி, நூறு இருநூறு மிச்சம் பிடிக்கப் போய், ஞாயிற்றுக்கிழமை முழுவதும் டிரைவரோடு மல்லுக்கட்டியவர்கள் எனக்குத் தெரிந்தே பலர். இன்னொன்று: கேபிளின் முள் செட்டுக்குள் கடைசிவரை போக வேண்டும். போய்விட்டது என்று தோன்றிய பிறகும் ஒரு அழுத்து அழுத்தினால் "டக்" என்று இன்னொரு மில்லிமீட்டர் இறங்கும். "செட் பதில் சொல்லவில்லை" என்ற பிழைச் செய்தியில் பாதி அந்த மில்லிமீட்டரில் தீரும்.

கேபிள் இல்லாமலும் ப்ரோக்ராம் செய்யலாம். ஒரு தடவையாவது விசைப்பலகையில் செய்து பார்க்கச் சொல்வேன், செட்டின் மூளை எப்படி ஓடுகிறது என்று புரியும். யுவி-5ஆரில் ரிப்பீட்டர் ஒன்றை ஏற்ற வேண்டுமானால், அது பேசும் அலைவரிசையை அடித்து, மெனு 25-இல் திசை, 26-இல் 0.600 இடைவெளி, 13-இல் டோன், 27-இல் மெமரி எண் என்று போக வேண்டும். ரிப்பீட்டர் ஓர் அலைவரிசையில் பேசும், அதற்கு 600 கிலோஹெர்ட்ஸ் கீழே கேட்கும். டோன் என்பது உங்கள் குரலுக்கு அடியில் காதுக்குத் தெரியாமல் ஓடும் மெல்லிய ரீங்காரம். அது இல்லாவிட்டால் ரிப்பீட்டர் கதவைத் திறக்காது. ஒவ்வொரு தட்டலுக்கும் செட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் அறிவித்துக்கொண்டே இருக்கும். மெனு 14-இல் அந்த அம்மாவின் வாயை அடைத்துவிடலாம்.

இருபது சேனலை இப்படி ஏற்ற யாருக்கும் பொறுமை இருக்காது. அதற்குத்தான் சிர்ப் என்ற இலவச மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். செட்டில் உள்ளதைக் கணினிக்கு இறக்கினால் எக்செல் மாதிரி ஒரு அட்டவணை விரியும். எதையும் தொடும் முன் அந்த முதல் கோப்பை வேறு பெயரில் சேமித்துவிடுங்கள். நண்பரின் செட்டிலிருந்து எடுத்த கோப்பை அப்படியே உங்கள் செட்டில் ஏற்றாதீர்கள். வெளியே ஒன்று போலத் தெரியும் இரண்டு செட்டுகளில் ஃபர்ம்வேர் வேறாக இருக்கும். சேனல் வரிசைகளை மட்டும் நகலெடுத்து ஒட்டினால் போதும். சேனல் பெயருக்கு ஏழு எழுத்துதான் இடம், அதுவும் ஆங்கிலத்தில். ஏற்காடு சரியாக அடங்கிவிடும், கொடைக்கானலை நறுக்க வேண்டியிருக்கும்.

அந்த அட்டவணையின் டோன் கட்டத்தில் புதியவர்கள் சறுக்குவது உண்டு. "டோன்" என்று போட்டால் நீங்கள் பேசும்போது மட்டும் ரீங்காரம் போகும். "டிஎஸ்க்யூஎல்" என்று போட்டால் கேட்பதற்கும் அதே டோன் தேவைப்படும். எதிர்ப்பக்கம் அதை அனுப்பாவிட்டால் செட் ஊமைபோல உட்கார்ந்திருக்கும். முதலில் "டோன்" மட்டும் போதும். அகலத்தை எஃப்எம் என்றே விடுங்கள். குறுகிய அகலமான என்எஃப்எம் போட்டால், "குரல் கிணத்துக்குள்ள இருந்து வருதுப்பா" என்று எதிரில் இருப்பவர் சொல்வார்.

எனக்கு சிர்ப்பில் மிகவும் பிடித்தது டூப்ளெக்ஸ் என்ற கட்டம்தான். அதில் "ஆஃப்" என்று போட்டுவிட்டால் அந்தச் சேனலைக் கேட்க மட்டும் முடியும், பட்டனை எவ்வளவு அழுத்தினாலும் செட் பேசாது. ஹாம் பட்டைக்கு வெளியே உள்ள எந்தச் சேனலும் என் செட்டில் அப்படித்தான் இருக்கிறது. பல செட்டுகளில் இன்னும் ஒரு படி போகலாம்: அமைப்புகள் பக்கத்தில் பட்டையின் கீழ் எல்லை, மேல் எல்லை என்று கட்டங்கள் உண்டு. 144, 146 என்றும் 434, 438 என்றும் எழுதி ஏற்றிவிட்டால், கம்பெனி போடாத வேலியை நீங்களே போட்டாகிவிட்டது. வீட்டில் குழந்தைகள் எடுத்து அமுக்குகிற செட் என்றால் இதைக் கட்டாயம் செய்யுங்கள். இரட்டைக் கேட்பு என்ற டிடிஆர் வசதியையும் அணைத்துவிடுவது நல்லது. இரண்டு சேனலை மாறி மாறிக் கேட்கும்போது திரையின் கீழ்வரிசையில் உள்ள சேனலில் யாராவது பேசிவிட்டால், அடுத்த சில நொடிகளுக்கு உங்கள் பேச்சும் அந்த வரிசையில் போய்விடும். பேசி முடித்ததும் "பீப்" என்று கத்தும் ரோஜர் ஒலியையும் அணைத்துவிடுங்கள். ரிப்பீட்டரில் பெரியவர்கள் நேரடியாகத் திட்ட மாட்டார்கள், "தம்பி, செட் புதுசா?" என்று கேட்பார்கள்.

இவ்வளவு சிரமமும் எதற்கு என்று கேட்டால், மலிவு ஹேண்டியால் விண்வெளி நிலையம் வழியாகப் பேசலாம். கதை இல்லை. 2020 செப்டம்பரிலிருந்து அங்கே கொலம்பஸ் பகுதியில் ஒரு கென்வுட் ரேடியோ ரிப்பீட்டராக இயங்குகிறது. நாம் 145.990-இல் 67.0 ஹெர்ட்ஸ் டோனோடு பேச வேண்டும், அது 437.800-இல் திருப்பிப் பேசும். இரண்டுமே நம் ஹாம் பட்டைகளுக்குள்தான். சில சமயம் வேறு பயன்பாட்டுக்கு மாற்றியிருப்பார்கள், அல்லது அணைத்திருப்பார்கள் என்பதால் அன்றைய நிலையை இணையத்தில் பார்த்துவிட்டு மாடி ஏறுவது நல்லது.

சிக்கல் என்னவென்றால் அது நொடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. நம்மை நோக்கி வரும்போது அலைவரிசை 10 கிலோஹெர்ட்ஸ் வரை ஏறித் தெரியும், விலகும்போது அதே அளவு இறங்கும். அதனால் சிர்ப்பில் ஐந்து வரிசை போட வேண்டும். கேட்கும் அலைவரிசை 437.810, 437.805, 437.800, 437.795, 437.790, ஐந்திலும் டூப்ளெக்ஸ் "ஸ்ப்ளிட்", அடுத்த கட்டத்தில் 145.990, டோன் 67.0. பேசும் பக்கத்தில் விலகல் மூன்று கிலோஹெர்ட்ஸ் சுமார்தான், எஃப்எம்மின் அகலம் அதைத் தாங்கிக்கொள்ளும். நிலையம் அடிவானத்தில் எழும்போது முதல் சேனலில் தொடங்கி, குரல் கரகரத்ததும் ஒவ்வொன்றாகத் திருப்ப வேண்டும். சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச்சைப் பூஜ்யத்தில் வைத்துவிடுங்கள். வெறும் இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தால்தான் அதற்குள்ளிருந்து முதல் குரல் எழும்புவது தெரியும்.

நேர் உச்சியில் வரும்போது தூரம் 400 கி.மீ. சொச்சம், அடிவானத்தில் 2,000-க்கு மேல். கேட்பதற்கு நீள ஆன்டெனா போதும், செட்டைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். பேசுவதற்கு, சக்தியை ஒரே திசையில் குவிக்கும் யாகி ஆன்டெனா இருந்தால்தான் நிம்மதி. ஹார்டுவேர் கடை பிவிசி பைப்பில் இரும்பு இஞ்ச் டேப்பைத் துண்டு துண்டாக வெட்டிக் கட்டிச் செய்வது உலகம் முழுக்க ஹாம்களின் வழக்கம். மலிவு ஹேண்டியில் ஒரே நேரத்தில் பேசவும் கேட்கவும் முடியாது, அதனால் உங்கள் குரல் மேலே போய்த் திரும்பி வருகிறதா என்று உங்களுக்கே தெரியாது. யாராவது உங்கள் கால் சைனைத் திருப்பிச் சொன்னால்தான் உண்டு.

அங்கே அரட்டைக்கு இடமில்லை. ஒரே சேனல், அதன் அடியில் பாதித் துணைக்கண்டம். கால் சைன், உலக வரைபடத்தில் உங்கள் இடத்தைக் குறிக்கும் கட்டக் குறியீடு, அவ்வளவுதான். சேலம் என்றால் எம்கே91, சென்னை என்றால் என்கே03. பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு அடுத்தவருக்கு வழி விட வேண்டும். அடிவானத்திலிருந்து அடிவானம் வரை மொத்தம் பத்து நிமிடம் சொச்சம். அடுத்த சுற்று ஒன்றரை மணி நேரம் கழித்து, கொஞ்சம் மேற்கே தள்ளி வரும். அதற்குள் பேட்டரியைச் சார்ஜில் போட்டு எடுத்துவிடலாம்.